வண்டி கைமாறும் நேரம்

எங்கள் பட்டறைக்கு வண்டி வாங்க வருகிறவர்களிடம் பேசுவது நான்தான். என் வீட்டுக்காரர் மரத்தோடு பேசுவார், மனுஷரோடு பேசமாட்டார். எங்கள் தீவின் வடகிழக்கே, ரிவியேர் டு ராம்பார் பக்கத்தில் சொந்தமாகக் கரும்பு நட்டவர்கள் பெருகிய காலம் அது. தோட்டத்து முதலாளிகள் நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகள் வாங்கினார்கள். நிலம் வாங்கியவனுக்கு அடுத்து வேண்டியது மாட்டு வண்டி. ஊரில் அதை 'சாரெத்' என்பார்கள். வெட்டின கரும்பை ஆலைக்குக் கொண்டுபோக வேறு வழி கிடையாது. அதனால் எங்களுக்கு வேலை குறைந்ததே இல்லை. எனக்கு வாயும் குறைந்ததில்லை.

விற்பனை நிபந்தனைகளை எழுதி வாங்கி வந்ததும் நான்தான். ஒருவன் அறுவடைக் காலம் முழுக்க எங்கள் வண்டியில் கண்டபடி பாரம் ஏற்றி, முன்னால் நீளும் ஏர்க்காலை முறித்துவிட்டு, மரம் சொத்தை என்று கொண்டுவந்து வாசலில் போட்டான். வீட்டுக்காரர் காசு வாங்காமலே புது ஏர்க்கால் செதுக்கிக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய், நோட்டரி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த நம்மவர் ஒருவரைப் பிடித்தேன். சொல்லச் சொல்ல அவர் பிரெஞ்சில் எழுதினார்.

சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் இருசுக்கும் ஒரு அறுவடைக் காலம் நாங்கள் பொறுப்பு. பாரம் மிஞ்சினால் பொறுப்பில்லை. வாங்குகிறவர் வண்டியைத் தட்டிப் பார்த்து, திருப்திப்பட்டு, பட்டறையிலேயே கைநாட்டு வைக்க வேண்டும். வைத்த நிமிஷத்திலிருந்து வண்டி அவருடையது. அதற்குப் பிறகு வருகிற நல்லது கெட்டது எல்லாம் அவரைச் சேர்ந்தது. எனக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. ஆனாலும் அத்தனையும் தமிழில் மனப்பாடம். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கட்டைவிரலில் மை தடவுவேன். என்னிடம் யாரும் வாலாட்டியதில்லை.

ஒன்றை மட்டும் நானும் யோசிக்கவில்லை, எழுதினவரும் யோசிக்கவில்லை. எங்கள் ஜனங்கள் புது வண்டியை நினைத்த நேரத்தில் ஓட்டிப் போகமாட்டார்கள். நாள் பார்த்து, நேரம் பார்த்து, சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் கிளப்புவார்கள். அதுவரை கைநாட்டு வைத்த வண்டி எங்கள் முற்றத்திலேயே நிற்கும். கோழி அதன் அடியில் படுக்கும். நான் அதன் மேல் துணி காயப்போடுவேன்.

புதிதாக நிலம் வாங்கியிருந்த பையன் ஒருவன் வந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான், ஆரக்கால் ஒவ்வொன்றையும் தட்டினான், விலையை முழுக்கக் கொடுத்தான், சனிக்கிழமை கைநாட்டு வைத்தான். வியாழக்கிழமை காலை நல்ல நேரம் என்று பூசாரி சொல்லியிருந்தாராம். "வியாழக்கிழம வந்து எடுத்துக்கறேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை மத்தியானம் மேற்கே கரும்புக் காட்டில் தீப்பிடித்தது. காற்று எங்கள் பக்கம் வீசியது. எரிகிற கரும்புச் சோகைகள் பறந்துவந்து விழுந்ததில், முற்றத்தின் ஓரத்தில் இருந்த வைக்கோல் பற்றி, பக்கத்தில் நின்ற அவன் வண்டியும் பற்றிக்கொண்டது. நாங்கள் வாளி வாளியாக ஊற்றியும் சக்கரத்து இரும்புப் பட்டாக்கள் மட்டும்தான் மிஞ்சின. கொஞ்சம் தள்ளி அதே அளவில், அதே மரத்தில் செய்த இன்னொரு வண்டி நின்றது. யாருக்கும் விற்காதது. அதன் மேல் ஒரு கரிகூட விழவில்லை.

அதே தீ, பக்கத்திலேயே இருந்த அந்தப் பையனின் கரும்பையும் தொட்டுவிட்டுப் போயிருந்தது. தீப்பட்ட கரும்பைக் காத்திருக்க வைக்க முடியாது. உடனே வெட்டி ஆலைக்குச் சேர்க்காவிட்டால் சாறு புளித்துவிடும், ஆலைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். அவனுக்கு அது முதல் விளைச்சல். நிலத்துக்கு வாங்கிய கடன் முழுக்க அதன் மேல்தான் நின்றது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மனைவியோடு வந்தான். இரண்டு பேர் முகத்திலும் கரி.

"அக்கா, என் வண்டியக் குடுங்க. கரும்பு வெட்டிக்கிட்டு இருக்காங்க."

நான் கருகிக் கிடந்ததைக் காட்டினேன். "அதுதான் தம்பி உன் வண்டி. கைநாட்டு வெச்சாச்சு. நல்லது கெட்டது உன்னதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. ஆனா எலுமிச்சம்பழம் நசுங்கலையே அக்கா. நசுங்காம எப்படி அது என் வண்டி ஆவும்?"

"அதெல்லாம் நிபந்தனையில இல்ல."

"எல்லாருக்கும் தெரிஞ்சத எதுக்கு எழுதணும்?"

நான் விடவில்லை. பிரெஞ்சுக் காகிதத்தை எடுத்துவந்து அவன் முன்னால் ஆட்டினேன். சட்டம் என் பக்கம் இருந்தது, அது எனக்கு நன்றாகத் தெரியும். அக்கம்பக்கம் கூடிவிட்டது. வீட்டுக்காரர் மட்டும் அந்த இரண்டாவது வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது அந்தப் பெண் பேசினாள். அதுவரை வாயே திறக்காதவள். "நேத்து நாங்க எங்க கரும்புல தீய அணைச்சுக்கிட்டு இருந்தோம். உங்க சத்தம் அங்க வரைக்கும் கேட்டுச்சு அக்கா. 'ஐயோ, நம்ம வண்டி எரியுதே'ன்னு கத்துனீங்க. அந்தப் பையன் வண்டி எரியுதேன்னு கத்தல."

எனக்குச் சுருக்கென்றது. அப்படித்தான் கத்தினேன். பதறி ஓடியபோது கைநாட்டு ஞாபகமில்லை, காகிதம் ஞாபகமில்லை. எங்கள் முற்றத்தில் நின்ற வண்டி எரிந்தது, வயிறு என்னுடையது எரிந்தது. மற்ற யார் பேசியிருந்தாலும் பதில் சொல்லி மடக்கியிருப்பேன். என்னையே நான் எப்படி மடக்குவது?

பிற்பாடு குமாஸ்தாவிடம் போய், கைநாட்டு வைத்ததும் வண்டி அவருடையது என்ற வரியை மாற்றச் சொன்னேன். எலுமிச்சம்பழம் என்று எழுத முடியாது, நீதிபதி சிரிப்பார் என்றார் அவர். பட்டறை வாசலைத் தாண்டும் வரை வண்டி எங்கள் பொறுப்பு என்று எழுதிக்கொண்டோம். அந்த வரியால் நாங்கள் நொடித்துப்போய்விடவில்லை. சொல்லப்போனால் அதைக் கேட்டுத்தான் பக்கத்து ஊர்க்காரர்களும் எங்களிடம் வந்தார்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்றால், விற்காமல் நின்ற அந்த வண்டியைக் காட்டி, "சரி, இந்த வண்டிய எடுத்துக்கிட்டுப் போ" என்றேன். அவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு தயங்கினான். செவ்வாய்க்கிழமை. பழம் நசுக்கக்கூடாத நாள். நசுக்காமல் ஓட்டினால், அவன் வாதப்படியே வழியில் எது உடைந்தாலும் என் தலையில் விழும். அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்குக் கூச்சம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வியாழக்கிழம வரைக்கும் இது என் வண்டிதான் தம்பி. என் வண்டியில உன் கரும்பு போவுது, அவ்வளவுதான். ஓட்டு."

புதன்கிழமை மத்தியானம் ஆற்றங்கரை ஏற்றத்தில் எதிரே வந்த வண்டி இடித்து ஏர்க்கால் முறிந்தது. பையன் ஆள் அனுப்பினான். பாரம் மிஞ்சினதா, யார் தப்பு என்று நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. புது ஏர்க்காலை வீட்டுக்காரர் தோளில் தூக்கிக்கொண்டார், கருவிப் பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். நடு ரோட்டில், வெயிலில், கரும்பை இறக்காமலே முட்டுக் கொடுத்து மாட்டிவிட்டோம். வழிவிடச் சொல்லி வசைபாடின வண்டிக்காரர்களுக்கு நான் தக்க பதில் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் கடைசிப் பாரமும் ஆலைக்குள் போய்விட்டது. ஒரு கட்டுக் கரும்பைக்கூட ஆலைக்காரன் திருப்பி அனுப்பவில்லை.

வியாழக்கிழமை காலையில் இரண்டு பேரும் குளித்து, வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து எங்கள் வாசலுக்கு ஓட்டிவந்தார்கள். அவன் சூடம் ஏற்றினான். அவள் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். மாடு அடி எடுத்து வைத்தது, பழம் நசுங்கியது.

எத்தனையோ வண்டி விற்றிருக்கிறேன். போகிற வண்டியை நின்று பார்த்ததுகூட இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன். அன்று அது திருப்பத்தில் மறையும் வரைக்கும் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "நம்ம வண்டி போவுது."