இராப்போஜன ஞாயிறும் காப்பிக் களமும்

சனிக்கிழமை காலை ஏழரை மணி ரயிலுக்கு நானும் என் மனைவி எஸ்தரும் ஆறு மணிக்கே கண்டி ஸ்டேஷனில் போய் நின்றோம். ரயில் நாவலப்பிட்டி வரைக்கும் ஓட ஆரம்பித்த புதுசு. நான் ஏறுவது அதுதான் முதல் தடவை. மாட்டு வண்டியால் பிழைத்தவன் ரயிலில் ஏறலாமா என்று எங்கள் தெரு கட்டுகலையில் நாலு பேர் கேலி செய்தார்கள். ரயிலுக்குக் காப்பி மூட்டையை இறக்கிக் கொடுப்பதும் என் வண்டிதான் என்று பதில் சொன்னேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோணியில் கடல் கடந்து, மன்னார்க் காட்டு வழியாக நடந்தே வந்தவன் நான். அப்போது என் சொத்து தலையில் போட்ட ஒரு கம்பளி. இன்றைக்குக் கர்த்தருடைய கிருபையாலும் என் முதுகெலும்பாலும் பதினெட்டு ஜோடி மாடு நிற்கிறது. படிப்பு, ஞாயிறு பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டப் பிடித்த அளவுதான். அதனால் இதில் இலக்கணம் தேட வேண்டாம், நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

போன காரியம் இது. எங்கள் ஒரே மகள் கிருபைக்கு நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆசீர்வாதம், பெரிய கங்காணி தேவசகாயத்தின் மகன். எங்கள் ஜாதி, எங்கள் சபை, தினம் இரண்டு வேளை குடும்ப ஜெபம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று முக்கால்வாசி சம்மதத்தோடுதான் புறப்பட்டோம். சபை ஐயர் வந்து அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற இராப்போஜன ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தார்கள்.

பேராதனை தாண்டியதும் மகாவலி கங்கை கூடவே வந்தது. கம்பளையில் ரயில் நின்றபோது எஸ்தர் வாழைப்பழம் வாங்கினாள். அங்கிருந்து மலை நெருங்கி வருகிறது. காட்டை எரித்த கரிக்கட்டைகள் இன்னும் நிற்க, நடுவே வரிசை பிடித்த காப்பிச் செடிகள். சில மலைகளில் இலைக்கு அடியில் மஞ்சள் பொடி பூத்த அந்தப் புது நோவும் தெரிந்தது.

நாவலப்பிட்டியில் இறங்கும்போது பத்தரை மணி. தோட்டத்து அடிவாரம் நாலு மைல். வண்டிக்காரன் ஒன்றரை ரூபாய் கேட்டான்.

"நானே வண்டிக்காரன்ப்பா. எனக்கேவா?" என்றேன்.

"அப்ப நியாயம் உங்களுக்கே தெரியுமே அண்ணே. ஒன்னே முக்கால் குடுங்க" என்றான்.

எஸ்தர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அடிவாரத்தில் வண்டி நின்றுவிடும். மேலே ஒன்றரை மைல் ஏற்றம். எங்கள் பெட்டியைத் தூக்கக் கங்காணி ஒரு அம்மாளை அனுப்பியிருந்தார். பெயர் மரியாள். நாற்பது வயசிருக்கும். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறினாள்.

"நாளைக்கு இராப்போஜனமுங்க. நான் ஞானஸ்நானம் எடுத்து மூணு வருசமாச்சு. இன்னும் அந்தக் கிண்ணத்துல வாய் வச்சதில்ல."

"ஏன்?" என்று எஸ்தர் கேட்டாள்.

"ஐயர் வர்ற அன்னைக்குப் பார்த்து எங்க கீழ் லயத்துக் கூலியாளுங்களுக்குக் களத்துல காப்பி காயப்போடுற வேலை விழுந்துருதுங்கம்மா. ஒவ்வொரு தடவையும். என் பாவந்தான் ஆண்டவரு தள்ளி வைக்கிறாரு போல."

"நாளைக்கு நீ உட்காருவ. நான் பேசிக்கிறேன்" என்றேன். நான் சொன்னால் ஸ்டேஷன் மாஸ்டரே கேட்பார், ஒரு கங்காணி கேட்க மாட்டாரா?

கங்காணி வீட்டில் உபசாரத்துக்குக் குறைவில்லை. கதிரை போட்டு உட்காரவைத்தார்கள், கோழி அடித்தார்கள். சாயங்கால ஜெபத்தில் தேவசகாயம் ஓய்வுநாளைப் பற்றிப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாமா? கூடாது. ஆனால் மாடு குழியில் விழுந்தால் தூக்கலாம். பழம் எடுக்கிற காலத்தில் காப்பிதான் தோட்டத்துக்கு மாடு என்றார். எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மாட்டை வைத்துச் சொன்னால் எனக்கு எதுவும் புரியும்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஐயர் குதிரையில் வந்து சேர்ந்தார். இந்தச் சபைக்குப் புதுசு, வயசும் சின்னது. ஆராதனை, மூட்டை அடுக்குகிற காப்பி ஸ்டோரில். ஸ்டோருக்கு முன்னால் களம், அதில் ஓட்டோடு காப்பி பரப்பிக் காய்கிறது. மரியாளும் இன்னும் ஏழெட்டுப் பேரும் மரப் பலகையால் அதைத் தள்ளித் திருப்பிக்கொண்டிருந்தார்கள். மரியாள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கங்காணியிடம் கேட்டேன். "மழை வந்துட்டா துரைக்கு யாருங்க பதில் சொல்றது? மாடு குழியில விழுந்த கதைதான்" என்றார். அண்ணாந்து பார்த்தேன். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மலைநாட்டு மழையை அவருக்குத்தானே தெரியும் என்று உள்ளே போய் உட்கார்ந்தேன்.

எங்களுக்கு முதல் பாய். ஸ்டோர் பெரியது; பின்னால் பாதி காலியாகக் கிடந்தது. இரண்டாம் பாட்டு முடிகிற சமயம் மாப்பிள்ளை என் காதருகே குனிந்தார்.

"மாமா, உங்க பொண்ணு இங்க வர்றதுல ஒரு கூச்சமும் வேணாம். கிண்ணம் நம்ம ஆளுங்களோட நின்னுரும். கீழ் லயத்து ஆளுங்கள அன்னைக்குக் களத்துக்கு விட்டுருவோம். பக்குவம் பத்தாது, தாங்களாவே வர மாட்டேங்குறாங்கன்னு ஐயர்கிட்ட சொல்லி வச்சிருக்கோம். இந்த ஏற்பாடு நான் யோசிச்சதுதான்."

பெண் வீட்டாருக்குப் பெருமையாகச் சொல்கிறாராம். ஜாதி பார்ப்பது உலகத்தில் இல்லாததா? நானே ஜாதி பார்த்துத்தான் சம்பந்தம் பேச வந்தவன். ஆனால் ஆண்டவருடைய நாளை எடுத்து ஆண்டவருடைய பந்திக்கே பூட்டுப் போடுவார்களா? குழியில் விழுந்த மாட்டைத் தூக்கச் சொன்ன வார்த்தையை வைத்து மனுஷரைக் குழிக்குள் தள்ளுவார்களா? அந்த அம்மாள் மூன்று வருஷமாகத் தன் பாவம் என்று அழுகிறாளே!

ஐயர் அப்பத்தைக் கையில் எடுத்தார். நான் எழுந்தேன். புதுச் செருப்பு ஸ்டோர் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டது. எஸ்தர் என் கோட்டைப் பிடித்தாள்.

"என்ன, வயிறா?"

"வயிறில்ல. களம்."

மாப்பிள்ளை சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. மறுபேச்சில்லாமல் எழுந்து என் பின்னாலேயே வந்தாள்.

மரியாளின் கையிலிருந்த பலகையை வாங்கினேன். "உள்ள போங்க. எல்லாரும் போங்க."

"காப்பி நனைஞ்சா துரை…"

"துரை கேட்டா என் பேரச் சொல்லு."

"உங்க பேரு என்னங்கய்யா?"

கண்டியில் என் பெயர் தெரியாத மாடுகூட இல்லை. அங்கே நின்று வேதநாயகம் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் களத்து ஓரத்துத் தொட்டியில் கால் கழுவி, முந்தானையால் முகம் துடைத்து, ஒருவரையொருவர் முன்னால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். நாங்கள் காப்பியைத் திருப்பினோம். "பதினெட்டு ஜோடி மாட்டுக்காரர் பலகை பிடிக்கிற அழகைப் பாரு" என்றாள் எஸ்தர்.

உள்ளே பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் தேவசகாயம் வெளியே வந்தார். பின்னாலேயே மாப்பிள்ளை, பிறகு முதல் பாய்க்காரர்கள் ஒவ்வொருவராக.

"சம்பந்தி வீட்டுக்கு வந்து இப்படிப் பண்ணலாமா?" என்று கங்காணி கேட்டார்.

"நாம இன்னும் சம்பந்தி ஆகலீங்களே."

மாப்பிள்ளை அழமாட்டாத குறை. "மாமா, அவங்க வாய் வச்ச கிண்ணத்துல நாங்க எப்படி…"

எஸ்தர் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "அவங்க முன்னால குடிச்சா நீங்க குடிக்க மாட்டீங்க. பின்னால குடிக்கவும் விட மாட்டீங்க. அப்ப அந்தக் கிண்ணம் யாருக்குத் தம்பி?"

நான் கங்காணியைப் பார்த்துச் சொன்னேன்: "இதுக்காக அந்த அம்மாவுக்குக் கூலிக் கணக்குல பேர் போடாம விட்டீங்கன்னு ஒரு சொல் என் காதுக்கு வந்தா, இந்த மலைக்கு என் வண்டி ஒன்னுகூட வராது. ஏன்னு துரை கேட்டா அவர்கிட்டயும் சொல்லுவேன்." இது வீண் பெருமை இல்லை. அந்த மலையின் காப்பியை ரயிலுக்கு இறக்கப் போதுமான வண்டி வேறு யாரிடமும் கிடையாது.

அப்போது ஐயர் வாசலில் வந்து நின்றார். கையில் கிண்ணம். முகம் வெளுத்திருந்தது. கங்காணியையும் அவர் ஆட்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பரப்பியிருந்த காப்பியைச் சுற்றிக்கொண்டு எங்களிடம் நடந்து வந்தார். கண்டிக் கோயிலில் முதலில் கிண்ணம் வாங்குகிறவன் நான். அன்றைக்குக் கீழ் லயம் முழுவதும் குடித்த பிறகு எனக்கு வந்தது. அடியில் ஒரு வாய்தான் மிச்சம். எஸ்தர் அதில் பாதி எனக்கு வைத்தாள். முதல் பாய்க்காரர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை.

பகல் ஒரு மணிக்குக் கிளம்பிவிட்டோம். திங்கட்கிழமைக்குத்தான் வண்டி பேசியிருந்ததால் நாவலப்பிட்டி வரைக்கும் நடை. யாரும் வழியனுப்பவில்லை. மரியாள் மட்டும் பெட்டியைத் தூக்க ஓடி வந்தாள். வேண்டாம் என்று நானே தலையில் வைத்துக்கொண்டேன். மன்னார்க் காட்டுத் தலைதானே, தாங்கும்.

ஆனாலும் அவள் விடாமல் அடிவாரம் வரைக்கும் கூடவே இறங்கி வந்தாள். கடைசித் திருப்பத்தில் நின்றாள். ஏதோ ஒரு பெரிய மோசடியைக் கண்டுபிடித்தவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"ஐயா, உள்ள நெறைய எடம் இருந்துச்சுங்க" என்றாள். "நான் எடமில்லாமத்தான் வெளிய விடுறாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

திங்கள் காலை ரயிலில் கண்டி வந்து சேர்ந்தோம். எங்கள் கோயிலுக்குக் கல் சுவர், ஓட்டுக் கூரை, மணிக்கூண்டு எல்லாம் உண்டு. அந்தத் தோட்டத்தில் ஒரு காப்பி ஸ்டோர்தான். ஆனாலும் இனி நான் எந்தக் கோயிலுக்குப் போனாலும் கட்டடத்தை அண்ணாந்து பார்க்க மாட்டேன் என்று நினைக்கிறேன். வெளியே யார் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

வாசலிலேயே கிருபை நின்றாள். மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்க வெட்கம், "வீடு எப்படிம்மா?" என்றாள்.

"பெரிய வீடுடி" என்றாள் எஸ்தர். "நீ அங்க போக வேணாம்."