அம்மாவுக்குக் கரண்டு வைத்த ஆறு நாள்

எங்கள் வீட்டில் கரண்டு என்றால் எல்லோருக்கும் பயம். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறி ஓடும்போது பயப்படாமல் எப்படி இருப்பது? ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது. யாரையாவது கரண்டு பிடித்தால் ஆளைத் தொடாமல் ஓடிப்போய் மெயினை அணைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே இந்த இரண்டும் எனக்கு மனப்பாடம். போதாக்குறைக்கு, ஒரு மழைநாளில் மோட்டார்ப் பெட்டி பெரியப்பாவைத் தூக்கி எறிந்ததை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அவர் பிழைத்துக்கொண்டார், உள்ளங்கைதான் கருகிப் போயிருந்தது.

அப்படிப்பட்ட வீட்டில் அம்மாவுக்குக் கரண்டு வைக்கப் போகிறார்கள் என்றால், மூன்றாம் வகுப்புப் படிக்கிற எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அம்மாவுக்கு மாதக்கணக்கில் தலைவலி. காலையில் தறிக்கு முன்னால் போய் நின்றால், உலை வைக்கிற நேரம் போக, பொழுது சாய்ந்த பிறகும் நின்றுகொண்டுதான் இருப்பாள். எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. தேரடிக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் பிசியோதெரபி பார்க்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் அம்மாவின் தோளைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அம்மா “ஐயோ” என்று நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்தீங்களா, அமுக்குதது தோள்ல, வலிக்கது தலையில. ட்ரிக்கர் பாயிண்டுன்னு சொல்லுவோம். சதை முடிச்சு விழுந்து கெடக்கு. பத்து நாள் கரண்டு வச்சா எளகிரும்.”

பொம்பளை தனியாக ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது என்பது எங்கள் தெருவின் சட்டம். துணைக்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் மூன்றடி உயரம் இருந்தாலும் போதும். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நான்தான் அம்மாவுக்குத் துணை.

முதல் நாள். அந்த அக்கா இரண்டு பஞ்சுத் துண்டைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த அம்மாவின் தோளில் வைத்துக் கட்டி, அதில் வயரைச் சொருகினாள். ஈரத்தில் கரண்டு! எங்கள் வீட்டில் யாராவது இப்படிச் செய்தால் அப்பா பெல்ட்டைக் கழற்றிவிடுவார்.

“எறும்பு ஊறுத மாதிரி இருந்தா சொல்லுங்கக்கா” என்று ஒரு குமிழைத் திருகினாள். அம்மாவின் தோள் தானாகத் துள்ளியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளவும் வழியில்லை, ஆளைத் தொடக் கூடாதே! இருபது நிமிஷமும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியதும், தனியாளாக நாலு தறியோடும் அல்லாடிக்கொண்டிருக்கிற அப்பா அந்தச் சத்தத்துக்கு மேலே கத்துவார்.

“கொறஞ்சிருக்கா?”

“இன்னும் இருக்கு” என்பாள் அம்மா.

ஒருநாள் கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து, அடுப்படியில் நின்ற அம்மாவின் தோளில் அப்பினேன். “இது போதும்மா, கரண்டு வேண்டாம்மா” என்றேன். “போட்டீ, கிறுக்கி” என்று சிரித்தாள். அவளுக்கென்ன, சிரிப்பாள். ராத்திரி பூராவும் கனவில் பெரியப்பாவின் கையைப் பார்த்தது நானல்லவா?

ஆறாம் நாள். வயரைச் சொருகிவிட்டு அந்த அக்கா திரைக்கு அந்தப் பக்கம் வேறொருவரைப் பார்க்கப் போனாள். தோள் துள்ளிக்கொண்டிருந்தது. அம்மாவின் கண்கள் மூடிக் கிடந்தன, வாய் லேசாகத் திறந்திருந்தது.

“அம்மா” என்றேன். பதில் இல்லை. “எம்மா!” என்று கத்தினேன். தோள்தான் துள்ளியது.

அவ்வளவுதான். ஒரே ஓட்டமாக வாசலுக்கு ஓடி, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி மெயினை அணைத்தேன். விளக்கு, மின்விசிறி எல்லாம் நின்றன. திரைக்குப் பின்னால் ஒரு தாத்தா, “ஏலே, எவம்லே அது?” என்று சத்தம் போட்டார்.

அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, “கரண்டு போயிட்டா?” என்றாள்.

அந்த அக்கா ஓடிவந்து விசாரித்தாள். நான் தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “அம்மாவுக்கு வலி எப்பவோ போயிட்டு டாக்டரக்கா. முந்தாநாளே நூல் மூட்டைய ஒத்தையில தூக்கித் தலையில வச்சா. தலைவலி மாத்திரயும் போடல. பொறவு எதுக்கு கரண்டு? செத்துப்போயிருவா!”

அவள் அம்மாவின் தோளை அமுக்கிப் பார்த்தாள். அம்மா முகத்தைச் சுளிக்க மறந்துவிட்டாள்.

“முடிச்சு நல்லா எளகிட்டே! சொல்லியிருக்கலாம்லக்கா? இனி வர வேண்டாம்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வழியெல்லாம் அம்மா மெதுவாகவே நடந்தாள். எங்கள் தெரு திரும்பும்போதுதான் ஒரு வார்த்தை சொன்னாள். “ஒன்னய யாருட்டி கேட்டா?” நாலு பேர் முன்னால் மெயினை அணைத்து மானத்தை வாங்கிவிட்டேன், அந்தக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேரே தறிக்குப் போய் நின்றாள். அம்மாவின் உயிரைக் காப்பாற்றிய பெருமையில் அன்றைக்கு நான் ஒரு தோசை கூடுதலாகத் தின்றேன்.

அம்மா பகலில் படுத்து நான் பார்த்தது அந்த ஆறு நாள் மட்டும்தான். மிச்சமிருந்த நாலு நாளை அவளிடமிருந்து பிடுங்கியது நான்தான் என்று அன்றைக்கு யார் சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது.