ஆறு ஃபவுல் நெஸ்தோர்

நெஸ்தோர் அப்ரிகானாவுக்குக் கூடையில் பந்து போடத் தெரியாது. ஒன்பது வருஷம் மணிலாவில் சம்பளம் வாங்கி பாஸ்கெட்பால் ஆடியவனைப் பற்றி இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் அவனுக்குச் சம்பளம் கொடுத்தது பந்து போடுவதற்காக இல்லை. ஓர் ஆட்டத்தில் ஒரு ஆள் ஆறு ஃபவுல் வரை செய்யலாம், ஆறாவதோடு வெளியே போய்விட வேண்டும். அந்த ஆறுக்காகத்தான் அவனை வைத்திருந்தார்கள்.

நான் அந்த டீமில் கால் கட்டுகிறவன். பெயர் கார்மெலோ, மேலோ என்று கூப்பிடுவார்கள். ஆட்டத்துக்கு முன்னால் கணுக்காலுக்கு டேப் சுற்றுவேன், முடிந்ததும் தொடை பிடித்துவிடுவேன், யாருக்காவது பல் விழுந்தால் பொறுக்கி ஈரத்துணியில் வைப்பேன். பொறுக்கிய பற்களில் பாதி நெஸ்தோர் உதிர்த்தவை.

சாமார் தீவில், கட்பலோகன் துறைமுகத்தில் கொப்பரை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் அவன். ஆறடி நாலங்குலம். கதவு மாதிரி நெஞ்சு. எங்கள் முதலாளியின் ஆள் ஒருவர் கப்பலுக்குக் காத்திருந்தபோது அவனைப் பார்த்துவிட்டுக் கையோடு கூட்டிவந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் என் பெஞ்சில் உட்கார்ந்து பத்து விரல் நகத்தையும் ஒட்ட வெட்டுவான்.

"எதுக்குடா இவ்வளவு ஒட்ட?" என்று கேட்டேன் ஒருநாள்.

"அடிக்கிறது தொழிலுண்ணே. பிறாண்டினா அது கெட்ட எண்ணம்."

டீம் ஒரு சோப்புக் கம்பெனியுடையது. அதனால் எங்கள் கோச் குவிசோனுக்கு ஒரு சொல் வாய்த்திருந்தது. எதிரணியில் எவனாவது வரிசையாகப் பந்து போட ஆரம்பித்தால் பெஞ்சின் கடைசியைப் பார்ப்பார். "நெஸ்தோர், தம்பிக்கு வேர்த்துருச்சு பாரு. குளிப்பாட்டிட்டு வா." நெஸ்தோர் போவான். இரண்டு நிமிஷத்தில் அந்தத் தம்பி விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பான். அதற்குப் பிறகு அவன் கூடைப் பக்கம் வருவதற்குக் கொஞ்சம் யோசிப்பான். அந்த யோசனையில்தான் நாங்கள் ஜெயித்தோம்.

ஜனங்களுக்கு அவனை அவ்வளவு பிடிக்கும். "கசாப்பு! கசாப்பு!" என்று அரங்கமே தரையை மிதிக்கும். மீன் சந்தையில் அவன் பெண்டாட்டி மெர்லிண்டாவுக்கு ஒரு மீன் கூடுதலாகவே விழும். "உன் புருஷன் இன்னிக்கு யார வெட்டப் போறாரு?" என்று மீன்காரிகள் கேட்பார்கள். அவள் அதற்குச் சிரித்ததை நான் பார்த்ததில்லை.

பிறகு லீகுக்குப் புதிய தலைவர் வந்தார். வக்கீல். குடும்பத்தோடு வந்து பார்க்கிற ஆட்டமாக இருக்க வேண்டும் என்றார். வேண்டுமென்றே ஆளை அடித்தால் அந்த ஆட்டத்தை விட்டு வெளியே, மறுபடி செய்தால் பல ஆட்டங்களுக்கு வெளியே, ஆளுக்குக் காயம் பட்டால் எவ்வளவு காலம் என்பதைத் தானே முடிவு செய்வேன் என்றார். கோச் குவிசோன் அந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, "இது பாஸ்கெட்பாலா, மாதா ஊர்வலமா? பட்டுச் சட்டை கசங்காம நடக்கறதுக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த வருஷம் அரையிறுதி, ஐந்தாவது ஆட்டம். எதிரணியில் ஜெரிக் விலாமோர் என்று ஒருத்தன். இருபத்துமூன்று வயது, குதித்தால் இறங்க மறந்துவிட்டானோ என்று தோன்றும். அன்றைக்கு முப்பத்தொரு பாயிண்ட் போட்டிருந்தான். மூன்று நிமிஷம் மீதி இருக்கும்போது கோச் டைம் அவுட் கேட்டு எல்லோரையும் சுற்றி நிற்க வைத்தார். நான் கீழே மண்டியிட்டு ஒருவன் விரலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே கோச்சின் குரல் கேட்டது.

"நெஸ்தோர், தரையில இருக்கறப்ப அடிச்சா ஏந்திருச்சிருவான். மேல இருக்கறப்ப குளிப்பாட்டு."

"கோச், புது ரூலு..."

"ரூலை நான் பாத்துக்கறேன். நீ அவனைப் பாத்துக்கோ."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பிறகு குனிந்து டேப்பைச் சுற்றினேன்.

அடுத்த முறை ஜெரிக் கூடைக்கு எழும்பியபோது நெஸ்தோர் பந்தைப் பார்க்கவே இல்லை. ஜெரிக்கின் இடுப்புக்குக் கீழே தோளைக் கொடுத்தான். ஜெரிக் காற்றில் பாதி புரண்டு ஒற்றைக் காலில் இறங்கினான். காய்ந்த கொப்பரை உடைகிற சத்தம். அரங்கம் "கசாப்பு" என்று ஆர்ப்பரித்தது. பத்து எண்ணும் நேரம் ஆர்ப்பரித்திருப்பார்கள். அதற்குள் முன்வரிசைக்காரர்கள் அந்த முழங்காலைப் பார்த்துவிட்டார்கள், சத்தம் வரிசை வரிசையாக அணைந்தது.

முதலில் ஓடியது நான்தான். ஜெரிக் அழவில்லை. பக்கவாட்டில் மடிந்து கிடந்த காலைப் பார்த்து, "அண்ணே, இது என் காலுதானா?" என்று கேட்டான். நெஸ்தோர் அவனைத் தூக்கிவிடக் கை நீட்டியபடி நின்றான். அந்தக் கையை யாரும் கவனிக்கவில்லை. ஒன்பது வருஷம் அவன் பெயரைக் கத்திய ஜனம் அவன்மேல் சில்லறைக் காசை வீசியது. ஒரு காசு நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. அதைத் துடைக்க என்னிடம் துணி இருந்தது. நான் போகவில்லை.

மூன்றாம் நாள் விசாரணை. தலைவரின் அறையில் ஆட்டத்தின் வீடியோ டேப்பை ஓட்டினார்கள், மெதுவாக, பதினொரு முறை. அந்த வேகத்தில் ஓட்டினால் கைகுலுக்குவதும் கொலை மாதிரிதான் தெரியும். ஆனால் இதை எந்த வேகத்தில் ஓட்டினாலும் ஒன்றுதான்.

"யாராவது சொல்லிச் செஞ்சியாப்பா?" என்றார் தலைவர்.

நெஸ்தோர் கோச்சைப் பார்த்தான். கோச் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நானாத்தான் சார்."

தலைவர் விடவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல? கோச் என்ன சொன்னாரு?"

எனக்கு மூன்று பிள்ளைகள். குடியிருந்தது கம்பெனி வீடு. "விரல் கட்டிட்டு இருந்தேன் சார். காதுல விழல" என்றேன்.

நெஸ்தோருக்கு ஒரு வருஷம் தடை. சம்பளம் கிடையாது. அதே வாரம் டீமும் அவனை நீக்கியது. கோச் குவிசோனுக்கு அடுத்த இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள்.

ஊரே இரண்டாகப் பிரிந்தது. ஜீப்னி பஸ் ஓட்டுகிறவர்கள் சாப்பிடும் கடையில் ஒருநாள் மதியம் நெஸ்தோரும் நானும் மூலையில் உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு வருஷமா? கொலை பண்ணவனே ஆறு மாசத்துல ஜாமீன்ல வந்துடறான்!" என்றான் ஒருத்தன்.

"உடைஞ்சது உன் காலா இருந்தா இப்படிப் பேசுவியா?"

"ஏய், அடிபட பயமா இருந்தா செஸ் ஆடச் சொல்லு!"

"அந்தப் பையன் இனிமே செஸ்தான்டா ஆடணும், மடையா!"

கடை முழுக்கச் சிரித்தது. அப்போதுதான் எங்களைக் கவனித்தார்கள். "கசாப்பு, நீயே சொல்லேன். ஜாஸ்தியா, இல்லியா?"

"சோறு ஆறுது" என்றான் நெஸ்தோர், தலை நிமிராமல்.

ஒரு வருஷம் முடிந்தது. எந்த டீமும் கூப்பிடவில்லை. லுமாபாஸ் என்றொரு ஏஜெண்ட், பழைய ஆட்டக்காரர்களை லாரியில் ஏற்றி ஊர்த் திருவிழாக்களுக்குக் கொண்டுபோகிறவர், அவரிடம் சேர்ந்தான். சோப்புக் கம்பெனி டீமை விற்றபோது எனக்கும் அந்த லாரிதான் கிடைத்தது. ஊர் ஊராகப் போனோம். போஸ்டரில் நெஸ்தோர் கையில் வெட்டுக்கத்தி வரைந்திருப்பார்கள். ஒழுங்காக ஆடினால் ஊர் கூச்சல் போடும். யாரையாவது இடித்துத் தள்ளினால்தான் கைதட்டல். எந்த லீகும் இல்லை, தடையும் இல்லை. ரெஃப்ரி அந்த ஊரில் சவாரி ட்ரைசிகிள் ஓட்டுகிறவனாக இருப்பான், அவனும் கைதட்டுவான். நெஸ்தோர் ஆளைப் பார்த்து, வலிக்காத இடமாக இடிக்கப் பழகிக்கொண்டான்.

லாரியில் மூன்றாவது வருஷம் மே மாதம், லகூனா பக்கம் ஒரு திருவிழா. லாரியை விட்டு இறங்கியதும் போஸ்டரைப் பார்த்தோம். ஒரு பக்கம் கசாப்பு, மறு பக்கம் ஜெரிக் விலாமோர். "முடியாத கணக்கு" என்று கொட்டை எழுத்து. லுமாபாஸ் எங்களிடம் சொல்லவே இல்லை.

பாஸ்கெட்பால் கோர்ட் சர்ச்சுக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தளம். மற்ற நாளில் நெல் காயவைப்பார்கள், ஓரமெல்லாம் உமி. இரண்டு பக்கத்துக்கும் கால் கட்டுகிறவன் நான்தான், ஜெரிக் வந்து என் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினான். முழங்காலில் மூன்று வெட்டுத் தழும்பு. தொடை பாதியாக வற்றியிருந்தது.

"இறுக்கிக் கட்டுங்கண்ணே. மடங்காட்டியும் பரவால்ல."

நெஸ்தோர் வந்து எதிரில் நின்றான். "ஜெரிக்... தம்பி, நான் பண்ணது தப்பு. மன்னிச்சிரு."

"உனக்கு ஒரு வருஷம் போட்டாங்கல்ல?"

"ஆமா."

"ஜாஸ்தின்னு ரேடியோல பேசினாங்க. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டுக் கேட்டேன். உனக்கு என்ன தோணுது? ஜாஸ்தியா?"

நெஸ்தோர் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"போய் ஆடுய்யா. ரெண்டு பேரு வீட்டுலயும் அடுப்பு எரியணும்" என்றான் ஜெரிக்.

நாலு மணி வெயிலில் ஆட்டம் ஆரம்பித்தது. ஜெரிக் காலை இழுத்துக்கொண்டு கூடைக்கு வரும்போதெல்லாம் நெஸ்தோர் கையைத் தூக்கி வழிவிட்டான். ஜனம் பொறுத்துப் பார்த்தது. பிறகு தின்ற சோளக்கட்டையை வீசியது. "கசாப்புக்கடை லீவாடா?" "முத்தம் குடுத்துக்கங்கடா ரெண்டு பேரும்!" இடைவேளையில் லுமாபாஸ் வந்தார். "ரெண்டு பேருக்கும் சொல்றேன். அடி இல்லன்னா காசு இல்ல. ஊர்த்தலைவர் என் கழுத்தப் பிடிக்கிறாரு."

ஜெரிக்தான் யோசனை சொன்னான். "லேசாத் தள்ளு. நான் விழறேன்."

அப்படியே செய்தார்கள். நெஸ்தோர் உள்ளங்கையால் தோளில் வைத்தான், ஜெரிக் பார்த்துப் பார்த்து, கெட்ட காலைக் காத்துக்கொண்டு விழுந்தான். யாரும் ஏமாறவில்லை. சிரிப்பு வெடித்தது. "நொண்டி நாடகம்! நொண்டி நாடகம்!" முன்னால் நின்ற ஒருத்தன் அதே மாதிரி காலை இழுத்து நடந்து காட்டினான். ஜெரிக் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான். அந்த முகத்தை நான் பார்த்தேன், நெஸ்தோர் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பந்து நெஸ்தோர் கைக்கு வந்தது. கூடைக்குக் கீழே யாருமில்லை. "போடு! ஒரு தடவையாவது போடுடா!" என்று ஊர் கத்தியது. அவன் சிரித்தபடி எழும்பினான். ஜெரிக் பின்னாலிருந்து வந்து, அந்தரத்தில் இருந்த அவன் காலடியில் புகுந்தான். நெஸ்தோர் மல்லாந்து, கம்பத்தின் சிமெண்டு மேடை விளிம்பில் இடுப்பு பட விழுந்தான். பந்து வளையத்தைச் சுற்றி வெளியே போனது.

ஊர் கொண்டாடியது. அப்படிப்பட்ட சத்தத்தை நான் மணிலாவிலும் கேட்டதில்லை. ஜெரிக்கைத் தோளில் தூக்கினார்கள். அவன் தோள்மேல் உட்கார்ந்து எங்கள் பக்கம் திரும்பாமல் சர்ச் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெஃப்ரி விசில் ஊதி இரண்டு விரலைக் காட்டினான். யாரும் மறிக்காமல் கூடையில் போட இரண்டு ஃப்ரீ த்ரோ. நெஸ்தோரால் எழ முடியாததால் வேறொருத்தன் போட்டான். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. ஆட்டம் தொடர்ந்தது. கதவு ஒன்றைக் கழற்றி அதில்தான் அவனை எடுத்துப்போனோம்.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் பேச ஆரம்பித்தான். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

"அவனுக்கு எத்தனை ஆட்டம் தடை?"

"தடை போட இங்க யாருடா இருக்கா? நேத்து அடுத்த ஊர்ல ஆடினானாம்."

கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு ஒரு வருஷம் போட்டப்ப, அவன் காலுக்கு ஒரு வருஷம் பெறும்னு நாலு பேரு உக்காந்து சொன்னாங்க. மனசுக்குள்ள ஜாஸ்தின்னுதான் நெனச்சேன்ண்ணே. பொய் சொல்ல மாட்டேன். என் இடுப்பு ரெண்டு ஃப்ரீ த்ரோவா?"

நான் அந்த ஊர்த்தலைவரிடம் புகார் கொண்டுபோனேன். அவர் வாசலிலேயே சிரித்தார். "கசாப்பை அடிச்சுட்டாங்கன்னு கேஸா? எவன்யா நம்புவான்?"

நெஸ்தோரைக் கட்பலோகனுக்கே கொண்டுபோய்விட்டாள் மெர்லிண்டா. பழைய துறைமுகத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. அவள் மீன் சுட்டு விற்றுக் காப்பாற்றினாள். போன வருஷம் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தான். கதவு மாதிரி இருந்தவன் பாய் மாதிரி ஆகியிருந்தான். மெர்லிண்டா எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் தொண்டையில் நின்றதை அப்போதுதான் சொன்னேன்.

"நெஸ்தோர், அன்னிக்கு கோச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும். டேப் சுத்தறதை நிறுத்திட்டு நிமிந்து பாத்தியே."

"திட்டுறா என்னை."

"திட்டினா நீ நிம்மதியா ஊர் போய்ச் சேந்துருவ" என்றான். கோபமில்லாமல் சொன்னான்.

மெர்லிண்டாவுக்கு அதுவரை தெரியாது. கரண்டியில் எடுத்த மீன் என் தட்டுக்கு மேலே நின்றது. மீனைச் சட்டியிலேயே போட்டுவிட்டாள்.

"உங்க பஸ்ஸு மூணு மணிக்கு" என்றாள்.

நான் வெறும் சோற்றைத் தின்றேன்.