முகத்துவாரம் வெட்டிய வருஷம்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில் என் வீட்டுக்காரர்தான் ஊர்ப் பெரியதனம். கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. தமிழ், தெலுங்கு, கடைத்தெரு உருது, அரைகுறை ஒல்லாந்தர் பாஷை எல்லாவற்றையும் கலந்து பேசுவார். யாருக்கும் பாதிதான் புரியும். ஆனால் யாருக்கும் அவர்மேல் கோபம் வராது. ஊர்ச் சண்டையெல்லாம் தீர்ப்பவர், எனக்கும் என் மாமியாருக்கும் வாய்த்தகராறு என்றால் மட்டும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார்.

ஒரு வருஷம் அடைமழை. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட, ஏரி பொங்கிப் பக்கத்து ஊரான திருப்பாலைவனத்து நெல்வயல்களில் ஏறிக்கொண்டது. மணலை வெட்டி நீரைக் கடலுக்கு விடுங்கள் என்றார்கள் விவசாயிகள். வெட்டினால் ஏரியில் வளர்ந்து நிற்கும் இறாலெல்லாம் கடலுக்குப் போய்விடும் என்றார்கள் எங்கள் ஆட்கள். அவர்களில் முதல் ஆள் இவருடைய அண்ணன்.

கோட்டைக்குத் தலைவரான ஒல்லாந்தக் கப்பித்தான், சிப்பாய்களை அனுப்பி வெட்டிவிடுவதாகச் சொன்னாராம்.

"வேணாம் துரைன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்," என்றார் இவர் வீட்டுக்கு வந்து. "துப்பாக்கி வந்துச்சுன்னா ரெண்டு ஊரும் ஜென்மத்துக்கும் பேசிக்காது."

மறுநாள் அண்ணனையும் குப்பத்துப் பெரியவர்களையும் படகில் ஏற்றிக்கொண்டு திருப்பாலைவனத்துக்குப் போனார். மீன் கொடுத்து நெல் வாங்க நானும் போனேன். படகு வயலுக்கு மேலேயே போயிற்று. இடுப்பளவு நீரில் நின்ற ஒருத்தி, அழுகிய நாற்றைத் தூக்கிக் காட்டினாள்.

"உங்க வலை கிழிஞ்சா தைச்சுக்கலாம். இதை இன்னா பண்றது, சொல்லுங்க?"

எங்கள் ஆட்கள் அந்த நாற்றை வாங்கிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில், கிடைக்கிற இறாலைப் பிடிக்க இரண்டு நாள் தவணை, அதன்பின் வெட்டு என்று இவர் பேசி முடித்தார். விவசாயிகளும் வந்து வலை இழுத்தார்கள். இறாலைக் காயவைக்க ஊர் வியாபாரிகளான மரக்காயர்கள் உப்பு கொடுத்தார்கள். பிறகு எல்லாருமாக மண்வெட்டியோடு மணலில் இறங்கினார்கள். அண்ணன் வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கமும் வரவில்லை. இவர் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நீர் வடிந்து தப்பிய பயிர் அறுவடையானதும், நன்றிக்காகத் திருப்பாலைவனத்திலிருந்து புதுநெல் மூட்டைகளோடு வண்டிகள் குப்பத்துக்கு வந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்தார். முதல் மூட்டையை இழுத்தார்.

"இன்னாடா வேடிக்கை பாக்குறே? ஒரு கை புடி."

நான்கு மொழி பேசும் இந்த மனிதர் ஓடிப்போய் மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.