நாலு ரோலருக்கும் ஒரே நாளில் காய்ச்சல்

எழுபதுகளில் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் எலக்ட்ரீஷியன். கொழுந்தை உருட்டும் நாலு ரோலருக்கும் புதிதாக ரிலே வந்தது. மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் தானாகவே நிறுத்திவிடும். அந்த அளவைத் திருகி வைப்பது என் பொறுப்பு. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாசி வெயிலில் அளந்து, அளவைக் கொஞ்சமும் கூட்டாமல் இறுக்கி வைத்தேன். கூடவே ஒரு சட்டமும் போட்டுச் சுவரில் எழுதிவைத்தேன்: ஒரு நாளில் மூன்று தடவை நின்றால் அந்த ரோலர் பழுது. பீஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவேன், கழற்றிப் பார்க்காமல் திருப்பித் தரமாட்டேன். ரோலர்களை ஓட்டும் ரோலர்காரர் ஒருமுறை, மிஷின் நிற்காமல் ஓட, ரிலே பட்டனில் தேயிலைப் பெட்டியின் பலகைச் சில்லைச் செருகி ஏமாற்றப் பார்த்தார். நான் கத்திய கத்தலில் ஃபேக்டரியே திரும்பிப் பார்த்தது.

ஜூன் மாதம், இடவப்பாதி என்கிற பருவமழை பிடித்த முதல் வாரம். காலையிலேயே இரண்டாம் நம்பர் மூன்று தடவை நின்றது. பிடுங்கினேன். அப்புறம் நாலாம் நம்பர், அப்புறம் ஒன்றாம் நம்பர், கடைசியில் மூன்றாம் நம்பர். மத்தியானத்துக்குள் நாலு ரோலரின் கட்டைகளும் என் பையில். கீழே கொழுந்து குவிந்து சூடேறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் முழுக்கப் பெண்கள் மழையில் நனைந்து பறித்தது. என் மனைவியும் அதில் ஒருத்தி.

தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்து பார்த்தார். "இன்னும் ஒரு மணி நேரம்தான். அதுக்கு மேல போனா அத்தனையும் குப்பைக்குழிக்கு."

ஆனாலும், "சட்டம்னா சட்டம்" என்று முறைத்துக்கொண்டு நின்றேன்.

ரோலர்காரர்தான் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, நாலு மிஷினுக்கும் ஒரே நாள்லயா காய்ச்சல் வரும்? மழைக் கொழுந்து கனமால்லா இருக்கு. நீங்க வெயில்ல வச்ச அளவு இதுக்கு எப்படிக் காணும்?"

கோபம் வந்தது. அதைவிட வேகமாக வெட்கம் வந்தது. அளவைக் கொஞ்சம் ஏற்றிவைத்துக் கட்டைகளைத் திரும்பச் செருகினேன். மூன்று ரோலர்கள் ஜோராக ஓடின. இரண்டாம் நம்பர் மட்டும் மறுபடி நின்றது. கழற்றினால் பேரிங் பொடிந்து கிடந்தது. அது ஒன்றுதான் நிஜமான பழுது.

கொழுந்து பிழைத்தது. என் சட்டத்துக்குக் கீழே சுவரில் சாக்பீஸால் ஒரு வரி சேர்த்தேன்: 'ஒரே நாளில் இன்னொரு ரோலரும் நின்றால், கட்டையைப் பிடுங்குமுன் அளவைச் சரிபார்க்கவும்.'

மறுநாள் அதற்கும் கீழே ரோலர்காரர் எழுதியிருந்தார்: 'எலக்ட்ரீஷியன் ஒரே நாளில் மூன்று தடவை கத்தினால் அவருக்கும் பீஸ் கட்டை பிடுங்கப்படும்.'

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏங்க, அதை நம்ம வீட்டுச் சுவத்துலயும் எழுதிப் போடுங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கத்தியிருந்தேன். மூடிக்கொண்டேன்.