வெள்ளைப் பூ வந்தால்

பத்து வயதில் நான் என் அப்பாவை வாதத்தில் ஜெயித்தேன். வீட்டுக்குள் நடந்த சில்லறைச் சண்டை இல்லை அது. குலசாமி கோயிலில், பூசாரி பார்த்திருக்க, சின்னத் தாத்தா வாயடைத்து நிற்க ஜெயித்தேன். பள்ளிக்கூட வேனில் அந்தக் கதையை ஒரு வருஷமாவது சொல்லியிருப்பேன். கேட்டவர்களுக்குக் காது புளித்திருக்கும், எனக்கு வாய் வலிக்கவே இல்லை.

விஷயம் எங்கள் அத்தையைப் பற்றியது. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டதால் அவளைத் தூக்கி வளர்த்ததும் படிக்க வைத்ததும் அப்பாதான். அப்பாவுக்கு அவள் எப்போதும் 'பாப்பா'. அந்தப் பாப்பா கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்து, பி.எட்.டும் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். சும்மா என்பது ஊரார் சொன்ன வார்த்தை. நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகிற வழியில் எங்கள் கோழிப்பண்ணை. காலையில் முட்டை பொறுக்குவதிலிருந்து சாயங்காலம் எனக்குப் பேன் பார்ப்பது வரைக்கும் அவள் தலையில்தான். ராத்திரி நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன். அம்மா கூப்பிட்டாலும் போகமாட்டேன்.

அந்த வருஷம் கோடையில் சேலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து அத்தைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு டெமோ கிளாஸ் எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் வேலை. பாடம், கூற்றுகளும் தர்க்கமும்.

"போய்ட்டு வரட்டுங்களாண்ணா?" என்று அத்தை கேட்டாள்.

"பாக்கலாம்" என்றார் அப்பா.

அப்பாவின் 'பாக்கலாம்' எங்கள் வீட்டில் பேர் போனது. அதில் சம்மதமும் இருக்காது, மறுப்பும் இருக்காது. அம்மாதான் நடுவில் புகுந்து, "பாடம் நடத்திட்டு வரத்தானுங்க போறா, போவட்டும்" என்று முடித்துவைத்தாள்.

ஒத்திகைக்கு வகுப்பறை எங்கள் தீவன ரூம். கரும்பலகை அதன் சுவர். மாணவர்கள் மொத்தம் ஒருத்தி, அது நான். தீவன மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டுடன் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் கேட்டேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

"உண்மையா பொய்யான்னு சொல்ல முடிஞ்சா அது கூற்று. சேலம் நாமக்கல்லுக்கு வடக்க இருக்குது. இது கூற்றா?"

"ஆமா. உண்மை."

"கோழிக்கு நாலு காலு."

"பொய். கூற்றே இல்ல."

"பொய்யா இருந்தாலும் கூற்றுதான் சாமி. பொய்யின்னு உன்னால அடிச்சுச் சொல்ல முடிஞ்சுதல்ல? 'கதவச் சாத்து'ங்கறத உண்மைன்னும் சொல்ல முடியாது, பொய்யின்னும் சொல்ல முடியாது. அது கூற்று இல்ல."

எனக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டில் யார் என்ன பேசினாலும் கூற்றா இல்லையா என்று பிரிக்க ஆரம்பித்தேன். 'சாப்ட்டயா சாமி' கூற்று இல்லை. 'போய்ப் படி' கூற்று இல்லை. 'சாம்பார்ல உப்பு பத்தல' கூற்று, ஆனால் அதை அம்மா காதில் படும்படி சொல்லக்கூடாது.

"அத்தை, அப்பா சொல்ற 'பாக்கலாம்' கூற்றா?"

அத்தை சாக்பீஸைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "அது சிலபஸ்லயே இல்ல சாமி" என்றாள்.

மறுநாள் பாடம் கொஞ்சம் கடினமாகிவிட்டது. மழைச் சாரல் கோழிகள் மேல் அடிக்காமலிருக்கப் பண்ணையின் இரண்டு பக்கமும் படுதா கட்டியிருப்போம், வானம் கறுத்தால் கயிற்றை அவிழ்த்து இறக்கிவிட வேண்டும். அத்தை அதையே உதாரணமாக எடுத்துக்கொண்டாள்.

"உங்கப்பா சொல்றாரு, 'மழ வந்தா படுதாவ எறக்குவேன்'னு. அவரு சொன்னது எப்பப் பொய்யாகும்?"

"மழ வந்தும் எறக்காட்டி."

"சரி. மழ வரல, ஆனா எறக்கிட்டாரு. அப்ப?"

"அதுவும் பொய்தான்!"

"ஏன்? மழ வராட்டி எறக்க மாட்டேன்னு சொன்னாரா?"

"சொல்லல."

"காத்து பலமா அடிச்சிருக்கும், எறக்கியிருப்பாரு. அவரு வாக்குக் குடுத்தது மழ வர்ற அன்னிக்கு மட்டுந்தான். மழ வராத அன்னிக்கு அவரு எறக்குனாலும் சரி, எறக்காட்டியும் சரி, சொன்ன சொல்லு பொய்யாகாது."

நான் விடவில்லை. அதெப்படி, அதெப்படி என்று மல்லுக்கு நின்றேன். அத்தை சுவரில் நான்கு வரிசை எழுதினாள். மழை உண்டு, மழை இல்லை. இறக்கியாச்சு, இறக்கவில்லை. நான்கில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பொய் என்று போட்டாள். மூன்றாம் முறை சொன்னபோது வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார், கையில் தண்ணீர் வாளியோடு.

"என்னைய வெச்சு என்ன உருட்டறீங்க?"

"பாடமுங்ண்ணா."

அப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டு நான்கு வரிசையையும் பார்த்தார். "அப்ப மழ வராத அன்னிக்கு என் இஷ்டமா?"

"ஆமாங்ண்ணா. உங்க இஷ்டந்தான்."

"அது பரவால்லயே" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அத்தை சேலம் போய்ப் பாடம் நடத்தினாள். இரண்டே நாளில் போன் வந்தது. வேலை அவளுக்குத்தான். ஜூன் மாதம் சேர வேண்டும், காலை ஏழு மணிக்கே ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும். தினம் பஸ்ஸில் போய்வந்தால் கட்டாது, அங்கேயே ஃபேர்லேண்ட்ஸில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் தங்கிக்கொள்ளலாம் என்றாள். அப்பா வழக்கம்போல 'பாக்கலாம்' என்றார்.

சேதி கேட்டுச் சின்னத் தாத்தா வந்துவிட்டார். தாத்தாவின் தம்பி அவர். அப்பன் இல்லாத பிள்ளைகள் என்று அப்பாவுக்கும் அத்தைக்கும் முன்னின்று எல்லாம் செய்தவர். அவர் உட்கார்ந்தால் அப்பா உட்காரமாட்டார்.

"வயசுப் புள்ளைய டவுன்ல தனியா உட்டுப்போட்டு, நாளைக்கு மாப்ள ஊட்டுக்காரங்க கேட்டா என்னடா பதில் சொல்லுவ?" என்றார்.

அப்பா தலையைச் சொறிந்தார். அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் அவள் முந்தானையைப் பிடித்திருந்தேன்.

"நம்ம பேசி என்னங் சித்தப்பா ஆவுது? சாமிகிட்டப் பூ கேட்டுப் பாத்தரலாமுங்க" என்றார் அப்பா.

எங்கள் வகையறாவில் எதற்கும் பூ கேட்பதுதான். தண்ணீருக்குப் போர் போடுவதா, பண்ணை கட்டுவதா, பெண் எடுப்பதா, எல்லாம் சாமி உத்தரவு. ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து, ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாகச் சாமி காலடியில் வைப்பார்கள். கேட்கிறவர் தன் காரியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்த மாதிரி. அந்த முறை எடுக்கப்போகிற குழந்தை நான் என்று முடிவாயிற்று. அதற்கு முன் ஒரு முறைகூடப் பூ கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிவப்பு வர வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். அத்தை போய்விட்டால் யார் பக்கத்தில் படுப்பேன்? பூ கேட்பதற்கு முந்தின நாள் முழுக்கச் சிவப்பு, சிவப்பு என்று மனசுக்குள் முணுமுணுத்தபடியே இருந்தேன். அத்தையிடம் மட்டும் சொல்லவில்லை.

அமாவாசையன்று காலையில் கோயிலுக்குப் போனோம். பூசாரி பொட்டலங்களை வைத்தார். அப்பா கைகூப்பி நின்று, "சாமி, வெள்ளப் பூ வந்தா பாப்பாவ வேலைக்கு அனுப்பறேன்" என்றார். பூசாரி கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

இடதுபக்கப் பொட்டலத்தை எடுத்தேன். பூசாரி பிரித்தார். உள்ளே சிவப்பு அரளி.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு விநாடி துள்ளிக் குதிக்கத் தோன்றியது. திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். உன் மேல் தப்பில்லை என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கீழுதடு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. இதையா கேட்டோம் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"சாமியே சொல்லிருச்சு. இனி பேச்சில்ல" என்று சின்னத் தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சாமி ஒண்ணுஞ் சொல்லலீங்க!" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் திமிறிக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றேன்.

"வெள்ளப் பூ வந்தா அனுப்பறேன்னுதானுங்ப்பா சொன்னீங்க? செவப்பு வந்தா அனுப்பமாட்டேன்னு சொல்லவே இல்லீங்களே! மழ வந்தா படுதாவ எறக்குவேன்னா, மழ வராத அன்னிக்கு எறக்கக்கூடாதுன்னு இல்லீங்களே! இப்ப அத்தைய அனுப்புனாலும் நீங்க சொன்ன சொல்லு பொய்யாகாதுங்ப்பா!"

மூச்சு விடாமல் சொன்னேன். சின்னத் தாத்தா, "என்னடா இது, மொளச்சு மூணு எல உடல, சாமி முன்னாடி படுதா கிடுதான்னு உளருது" என்றார்.

அப்பா என்னைத் திட்டவில்லை. பூசாரியிடம் திரும்பினார். "நான் என்னங்க சொன்னேன்?"

"வெள்ளப் பூ வந்தா அனுப்பறேன்னீங்க."

"செவப்பு வந்தா?"

"அதப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்றார் பூசாரி, இழுத்தாற்போல.

"அப்ப ரெண்டையுஞ் சொல்லி இன்னொருக்காப் போட்டுப் பாரு" என்றார் சின்னத் தாத்தா.

பூசாரி தலையை ஆட்டினார். "ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தானுங்க கேக்கோணும். மறுக்காக் கேட்டாச் சாமியச் சந்தேகப்படற மாதிரி."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப சாமி என் இஷ்டத்துக்கே உட்ருச்சாட்ட இருக்குதுங் சித்தப்பா" என்றார், மிகவும் பணிவாக. பிறகு அத்தையைப் பார்த்து, "என்னிக்குப் பாப்பா சேரோணும்?" என்று கேட்டார்.

அத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். சின்னத் தாத்தா எங்களோடு சாப்பிடாமலே ஊருக்கு வண்டி ஏறினார். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவை, சின்னத் தாத்தாவை, சாமியை எல்லாம் ஒரே வாதத்தில் மடக்கியவள் அல்லவா!

போன வருஷம்தான் அந்தப் பெருமைக்கு வேட்டு விழுந்தது. பண்ணையில் தண்ணீர் வற்றிப்போய்ப் புது போர் போட வேண்டியிருந்தது. லீவுக்கு வந்திருந்த நானும் கோயிலுக்குப் போனேன். அப்பா கைகூப்பிச் சொன்னார்: "சாமி, வெள்ளப் பூ வந்தா அந்த எடத்துல போர் போடறேன். செவப்பு வந்தா போடலை, உட்டுடறேன்."

நான் அப்பாவின் முகத்தையே பார்த்தேன். வெளியே வந்ததும் பூசாரியிடம் மெல்லக் கேட்டேன்.

"ரெண்டு பக்கமுஞ் சொல்லோணும் அம்மிணி, அதான மொற. உங்கப்பா எல்லாத்துக்கும் அப்படித்தான் கேப்பாரு. உங்க அத்தை விசயத்துல மட்டுந்தான் பாதியில நிறுத்திப்போட்டாரு. மறந்துட்டாரோன்னு நின்னு பாத்தேன், கண்ண மூடிக்கிட்டாரு" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். "ஏனுங்ப்பா, அன்னிக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நீயாவது, வாயத் தொறக்காம இருக்கறதாவது" என்றார் அப்பா. வண்டி ஓட்டிக்கொண்டே சிரித்தார்.

அத்தை சேலத்துக்குப் போன மறுநாள் காலையை நினைத்துக்கொண்டேன். எனக்குத் தினமும் தலை பின்னிவிடுவது அவள்தான். அன்றைக்கு அம்மா முட்டை லாரிக்கு ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்ததால் அப்பா என்னை முன்னால் உட்கார வைத்துப் பின்ன ஆரம்பித்தார். பின்னல் கோணிக்கொண்டு போயிற்று. அவிழ்த்தார், மறுபடி பின்னினார், மறுபடி அவிழ்த்தார். இழுத்த இழுப்பில் எனக்கு உயிர் போயிற்று. வலிக்குதுங்ப்பா, அத்தைக்கு நல்லாப் பின்னத் தெரியும், உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது என்று கத்தி அழுதேன். வேன் வந்து ஹாரன் அடித்தும் சீப்பைக் கீழே வைக்கவில்லை. அவர் எனக்குப் பின்னால் இருந்தார். திரும்பி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.