தூறலுக்குத் திறந்த வால்வு

பாலாநகர்த் தொழிற்பேட்டையை விட்டு ஓடைக்கரையோடு நடந்துகொண்டிருந்தேன். மஞ்சள் தண்ணீரும் கூடவே வந்தது. குப்பை அடைத்த இடங்களில் அது தேங்கியது, நான் முந்தினேன். சரிவில் அது முந்தியது.

அதைத் திறந்துவிட்டவன் நான்தான். குரோம் முலாம் போடும் பட்டறையில் இருந்தேன். தொட்டியில் கெட்டுப்போன தண்ணீரைச் சுத்திகரிக்க லாரியில் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஆனால் தகரக் கூரையில் மழை விழுந்ததும் ஓடைக்குப் போகும் வால்வைத் திறப்பதுதான் வழக்கம். வெள்ளத்தோடு வெள்ளமாகப் போய்விடும். திருப்பூர்ச் சாயப்பட்டறையிலும் ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டிலும் இதே வேலையைத்தான் பார்த்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்கு ஊருக்கு ஊர் தண்ணீரின் நிறம் மட்டுமே மாறியது.

அன்று மத்தியானம் கூரை சடசடத்தது. வெளியே போய் வானத்தைப் பார்க்காமல் திறந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் வெயில் அடித்தது. சேலத்துக்காரரான மேஸ்திரி ஓடி வந்து மூடுவதற்குள் பாதித் தொட்டி காலி.

"மழைக்குத் தொறன்னா தூறலுக்குத் தொறந்து வெச்சிருக்கியேடா" என்றார். யாராவது விசாரித்தால் அப்படி ஓர் ஆளே இங்கில்லை என்று சொல்லிவிடுவதாகவும், உடனே கிளம்பும்படியும் சொன்னார். பையை எடுத்துக்கொண்டேன்.

ஃபதேநகர் பக்கம் ஓடை அகலமாகும் இடத்தில் ஓர் அம்மா ஆறு எருமை வைத்திருந்தார். வேலைக்குப் போகும்போது தினமும் பார்ப்பேன். வெயிலேறினால் எருமைகளை ஓடையில் இறக்கிவிடுவார். சாக்கடைதான், ஆனாலும் அதிலேயே கிடக்கும், அதையே குடிக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு எருமையும் தண்ணீரில் கிடந்தன. மேலே ஏற்றச் சொன்னேன்.

"கைக்கு?" என்றார். அந்த ஊர் இந்தியில் ஏன் என்று கேட்பது அப்படித்தான்.

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விஷத்தண்ணீர் வருகிறது என்றேன். யார் விட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை. கழியை என் கையில் கொடுத்து, நீயே இறங்கு என்றார்.

வெயிலில் தண்ணீருக்குள் கிடக்கும் எருமையை எழுப்புவது லேசில்லை. அடித்து, வாலை முறுக்கி, கயிறு போட்டு இழுத்து ஐந்தை ஏற்றினோம். நிறையக் கறக்கிற பெரியது மட்டும் அசையவில்லை. மஞ்சள் அதன் விலாவைத் தொட்டது. பட்டறைத் தண்ணீர் பட்டு முன்பே என் காலில் வந்திருந்த புண் எரிந்தது. எருமை தலையைத் தாழ்த்தி இரண்டு வாய் குடித்தது. பிறகு தானாக எழுந்து கரையேறியது.

மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பிழைத்துக்கொள்ளும் என்றார். கொஞ்ச நாளைக்கு அதன் பாலை யாருக்கும் கொடுக்கக் கூடாது, மற்றவற்றையும் ஓடையில் இறக்கக் கூடாது என்றார். அந்த அம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஆறு எருமைக்கும் தெருக்குழாயிலிருந்து யார் தண்ணீர் சுமப்பது என்று கேட்டார்.

மறுநாள் காலை அந்த வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வேளைச் சாப்பாடு, கொட்டகையில் படுக்கை. முதலில் பெரிய எருமையின் பாலைக் கொட்டிவிட்டு வரச் சொன்னார். எங்கே என்றேன். ஓடையைக் காட்டினார். கொட்டிவிட்டு, வாளியைக் கழுவி, குழாயடி வரிசையில் போய் நின்றேன்.